முப்பத்தேழாவது கிணறு

என் ஆய்வேட்டை முழுதாகப் படித்தவர் இன்றுவரை யாரும் இல்லை. தேர்வாளர்கள் படித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. தட்டச்சு செய்து கொடுத்தவர் எழுத்து எழுத்தாகப் படித்தார், ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முடிவு என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவர் ஒரே ஒருவர்தான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கத்தரியும் கீரையும் பயிர் வைத்திருந்த ஓர் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு நான் சொன்ன முடிவு தப்பு.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. பல்கலைக்கழகத்தில் புவியியல் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே ஆய்வு மாணவனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாடு போய்வந்த ஒரு விரிவுரையாளர்தான் என்னைப் பிடித்து இந்த விஷயத்தில் தள்ளியவர். நிலப்படத்தை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் கொடுத்து, அதனிடம் கேள்வி கேட்பது. இப்போது அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது, தனித் துறையே இருக்கிறது. அப்போது பெயர்கூடக் கிடையாது. "எதிர்காலம் இதில்தான் இருக்கு" என்று என் தோளில் தட்டிச் சொன்ன மனிதர், ஆறே மாதத்தில் மறுபடி வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எதிர்காலமும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. துறையில் மிச்சமிருந்தவர்கள் பாறை, மழை, மண் என்று கைக்கு அகப்படும் சமாசாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டால் அன்பாகத்தான் சிரிப்பார்கள். என்ன செய்கிறாய் என்று கேட்டு மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

என் கேள்வி மிகச் சின்னது. ஓர் எல்லை இருக்கிறது, ஒரு புள்ளி இருக்கிறது. புள்ளி எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா? படத்தைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. அதற்கு எண்கள் மட்டும்தான் தெரியும். அதனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நிலத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கிழக்கே நடக்க வேண்டியது. வழியில் எத்தனை தடவை வேலியைத் தாண்டுகிறீர்கள் என்று எண்ண வேண்டியது. ஒற்றைப்படையாக வந்தால் நீங்கள் நின்ற இடம் உள்ளே. இரட்டைப்படையாக வந்தாலோ, ஒன்றையுமே தாண்டாவிட்டாலோ வெளியே. வேலி எத்தனை கோணல்மாணலாகப் போனாலும் இந்தக் கணக்கு பொய்க்காது. முதல் முறை இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நூலகத்தை விட்டு வெளியே வந்தேன். கடற்கரைச் சாலையில் அத்தனை பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் சொல்ல முடியாமல் ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

கம்ப்யூட்டர் வேறொரு கட்டிடத்தில் இருந்தது. அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகக் குத்தி, அட்டைகளை வரிசையாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு, காலை பத்து மணிக்குள் ஒரு ஜன்னலில் கொடுக்க வேண்டும். மாலையில் அதே ஜன்னலில் விடை அச்சடித்த தாள் வரும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதில் பிழை என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், அன்றைய நாள் போயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரின் முகத்தை இரண்டு வருடத்தில் நான் சரியாகப் பார்த்ததில்லை. கை மட்டும் தெரியும். மோதிரம் போட்ட, நகம் ஒட்ட வெட்டிய கை.

வீடு திருவள்ளூரில். தினமும் ரயில். அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செவ்வாப்பேட்டையில் நான்கு பேர் ஏறுவார்கள், சென்னையில் ஏதோ ஆலையில் வேலை. ஏறிய உடனே நாலு முழங்கால் மீதும் ஒரு துண்டை விரித்துச் சீட்டாட ஆரம்பித்துவிடுவார்கள். என் பெட்டியைப் பார்த்ததிலிருந்து அவர்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா சார், கட்டு ரொம்பப் பெருசாகீதே. எத்தினி ஜோக்கரு வெச்சிக்கினுகீற?" என்பார் ஒருவர்.

"ஜோக்கர் ஒண்ணுதான். அதை மடியில வெச்சிருக்க முடியாது" என்று ஒரு நாள் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முழுக்க நான் வேறு யாரிடமும் பேசவில்லை என்பது மாலையில் வீடு திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். அவருக்கு முன்னால் அவர் அப்பாவுக்கும் அதே. நான் படித்துப் பெரியவனாவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. எதைப் படிக்கிறேன் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். உதாரணத்துக்குக் கிணற்றைச் சொன்னேன்.

"கிணறு உள்ள இருக்கா, வெளியில இருக்கான்னு பாக்க ஒரு மிஷினாடா?" என்றார் அப்பா. "எட்டிப் பாத்தா தெரியாதோ?"

"தெரியும்ப்பா. ஆனா ஆயிரம் கிணறு இருந்தா?"

"ஆயிரம் தடவை எட்டிப் பார். உள்ள விழாம பாத்துக்கோ." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி சாத்துமுது விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். தனிமை என்பதை நான் அந்த வருடங்களில்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, அன்பானவர்கள் சுற்றிலும் உண்டு. மண்டைக்குள் ஓடுவதைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. சொல்லவே போவதில்லை என்று தெரிந்த பிறகு பேசும் ஆசையும் மெல்ல மெல்ல வற்றிவிடும்.

ஆய்வுக்கு நிஜமான ஓர் எல்லை வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். தொழிற்பேட்டை அப்போது காகிதத்தில்தான் இருந்தது. தரையில் கேழ்வரகும் வேர்க்கடலையும் வேலிக்காத்தான் புதரும் இருந்தன. எல்லையின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கல். சில பழைய சர்வே கற்கள், சில புதிதாக நட்டுச் சிவப்பு அடித்தவை. அந்த மூலைகளின் அளவுகளை ஓர் அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். படத்தை எடுத்துப்போக அனுமதிக்கவில்லை. எல்லைக்கு உள்ளும் புறமும் இருந்த கிணறுகளை நானே அளந்து எண்களாக்கி, எது உள்ளே, எது வெளியே என்று கம்ப்யூட்டரிடம் கேட்பது என் திட்டம். மொத்தம் ஐம்பத்திரண்டு கிணறுகள்.

விரிவுரையாளர் இருந்திருந்தால் உதவிக்கு இரண்டு பேரை அனுப்பியிருப்பார். நான் தனியாகத்தான் போனேன். பெரியபாளையம், ஆரணி வழியாக ஒரு பஸ், கவரைப்பேட்டையில் இன்னொரு பஸ், பிறகு நடை. தோளில் நிலம் அளக்க நூறு கண்ணி போட்ட இரும்புச் சங்கிலி, கையில் அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீர்க் கூஜா. வெளியில் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இருபத்து நான்கு வயதில் அந்த வழக்கத்தை மீறும் தைரியமும் எனக்கு இல்லை, அதில் நம்பிக்கையும் இல்லை. கூஜா மட்டும் இருந்தது.

சங்கிலியின் ஒரு முனையை ஆணி அடித்து நிறுத்திவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பாதி நேரம் ஆணி பிடுங்கிக்கொள்ளும். மூன்றாவது நாள் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கத்தரிச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அம்மா எழுந்து நின்று பார்த்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஆணியடித்த முனையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ போ சாமி. நான் புடிச்சிக்கினு கீறேன்" என்றார்.

அன்றைக்கும் அதற்கடுத்த நான்கு நாட்களும் அவர்தான் என் சங்கிலியின் மறுமுனை. நான் அரசாங்கத்து ஆள் இல்லை, வெறும் மாணவன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். "அதான் பாத்தாலே தெரியுதே" என்றார். கணவர் இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. நிலம் கணவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டது, பட்டா மட்டும் அண்ணன் பெயரிலேயே நின்றுவிட்டது. அண்ணன் ஆரணியில் கடை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் தம்பி மனைவிக்கு எதையும் சொல்கிறவர் இல்லை. சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பிலோ புல எண்கள்தான் இருந்தன. இந்த நிலத்தின் எண்ணுக்கு எதிரே 'ஒரு பகுதி' என்று போட்டிருந்தது. எந்தப் பகுதி என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை காலையில் ஒன்று சொன்னார், மாலையில் ஒன்று சொன்னார். ஆட்சேபணை மனு கொடுக்க முப்பது நாள் கெடு. அந்த அம்மா நாள் தவறாமல் குடிசைச் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டுவந்தார். உள்ளே என்று தெரிந்தால் மனு எழுதிக் கைநாட்டு வைத்து, பொன்னேரி தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாவது போய்க் கொடுத்துவிடுவார். வெளியே என்றால் வீணாகப் போய் நின்று, இல்லாத வம்பைக் கிளப்பிவிட வேண்டாம் என்று யோசித்தார்.

"நிலம் போனா போவட்டும் சாமி. கெணறு போச்சின்னா நான் எங்க போவேன்?" என்றார். "ஒன் மிஷினாண்ட கேட்டுச் சொல்றியா? உள்ளகீதா, வெளிய கீதா?"

என் ஆய்வுக் கேள்வியை, ஒரு சொல் கூடாமல் குறையாமல், அந்த அம்மா கேட்டார். இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "கட்டாயம் சொல்றேன்மா" என்றேன்.

அவர் கிணற்றுக்கு என் பட்டியலில் எண் முப்பத்தேழு. அதை அளந்தபோது அவர் ஒரு கதை சொன்னார். கிணற்றுக்குக் கிழக்கே, எங்கோ புதருக்குள், ஒரு பழைய சர்வே கல். பாகம் பிரித்தபோது அந்தக் கல்லிலிருந்துதான் கயிறு கட்டினார்களாம். "அந்தக் கல்லுலேர்ந்து கயித்தப் புடிச்சி நேரா இழுத்தாரு எங்க ஊட்டுக்காரரு. கயிறு எந்தப் பக்கமும் சாயலே. அந்தக் கயித்துமேலயே நட்டநடுவுல கெணறு வெட்டினாங்க. தண்ணி ரெண்டு பேருக்கும் பாதிபாதி, அதுக்கோசரம்." அந்தப் பக்கத்தில் அண்ணன் தம்பி கிணறு எல்லாமே அப்படித்தான், பங்குக் கயிற்றின்மேல் வெட்டியவை. நான் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வசதிக்காக, கணக்கில் கிழக்கு மேற்குக் கோட்டை அந்தப் பங்குக் கயிறு போன வரப்புகளின் போக்கிலேயே வைத்துக்கொண்டதும் நான்தான்.

கிளம்பும்போது அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கூஜாவைக் காட்டினேன். அவர் திரும்பிப் போய், கொடியிலிருந்து இரண்டு வெள்ளரிப் பிஞ்சு பறித்துவந்தார். "சமைக்காததுதான். துன்னலாம்" என்றார். தின்றேன்.

அட்டைகளைக் குத்தி, ஜன்னலில் கொடுத்து, தாளை வாங்கினேன். ஐம்பத்திரண்டு வரிகள். உள்ளே என்றால் ஒன்று, வெளியே என்றால் பூஜ்யம். முப்பத்தேழுக்கு எதிரே பூஜ்யம். மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்து கீரைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தாளை விரித்துக் காட்டினேன். முப்பத்தேழைத் தொட்டுக் காட்டினேன். வெளியே என்றேன். அவர் அந்தப் பூஜ்யத்தின்மேல் விரலை வைத்து, "இதுவா? இதான் நம்ம கெணறா?" என்று கேட்டார். அது கிணறு மாதிரியேதான் இருந்தது, வட்டமாக. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மடி நிறைய வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தனுப்பினார். அடுத்த நாள் காலை ரயிலில் அந்த நான்கு பேருக்கும் கொடுத்தேன். நான் அத்தனை சந்தோஷமாக இருந்த நாள் அந்த வருடங்களில் வேறு இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஆய்வேட்டுக்காகப் படம் வரைந்தேன். எண்களை வைத்து வரைபடத்தாளில் மூலைகளைக் குறித்து, கோடு இழுத்து, கிணறுகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தேழாவது புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் உள்ளே. புள்ளியிலிருந்து கிழக்கே அளவுகோலை வைத்தேன். அளவுகோலின் விளிம்பு ஒரு மூலைக்கல்லின் நடுமையத்தில் போய் நின்றது. அவர் சொன்ன அதே கல். கணவர் கயிறு பிடித்து இழுத்த கல். கிணற்றிலிருந்து கிழக்கே போகும் என் கோடு வேலியின் நடுவில் எங்கும் தாண்டவில்லை, சரியாக மூலையில் தாண்டியது. மூலையில் இரண்டு பக்கங்கள் சேருகின்றன, தெற்கிலிருந்து வருவது ஒன்று, வடக்கே போவது ஒன்று. என் கணக்கு இரண்டையும் தனித்தனியாகத் தாண்டியதாக எண்ணிவிட்டது. ஒரு தடவை தாண்டியது இரண்டு தடவையாகிவிட்டது. இரட்டைப்படை. பூஜ்யம்.

ஐம்பத்திரண்டில் இந்த ஒரு கிணறுதான் அப்படி அமைந்தது. தற்செயலாக ஒரு புள்ளியும் ஒரு மூலையும் ஒரே நேர்கோட்டில் வருவது அபூர்வம் என்று நான் படித்திருந்தேன். இங்கே தற்செயல் எதுவும் இல்லை. இரண்டு அண்ணன் தம்பிகள் தண்ணீரைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கயிறு கட்டி அந்த நேர்கோட்டை உண்டாக்கியிருந்தார்கள். அதை அந்த அம்மா என்னிடம் வாய்விட்டும் சொன்னார்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. இங்கேதான் நான் செய்ததை எழுத வேண்டும்.

அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். படம் என் முன்னால் இருந்தது, தப்பு எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கண்ணால் பார்த்தது போதவில்லை. ஒரு தடவை தப்பாகச் சொல்லியாயிற்று. இன்னொரு தடவையும் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்: தப்பு என்று சொல்லப் போகும்போது கையில் திருத்திய தாளோடு போக வேண்டும் என்ற வீம்பு. பக்கத்தில் ஒரே ஓர் ஆள் இருந்திருந்தால், "போடா முட்டாள், முதல்ல பஸ் ஏறு" என்று தள்ளிவிட்டிருப்பான். இல்லை. அன்று இரவு அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். 'எட்டிப் பாத்தா தெரியாதோ' என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூலையை ஒரே தடவை எண்ணும்படி கணக்கைத் திருத்தி அட்டை குத்தினேன். முதல் நாள் ஜன்னலில் கொடுத்தேன். மாலையில் பிழை என்று வந்தது. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போயிருந்தது.

இரண்டாம் நாள் அமாவாசை. அமாவாசையன்று திருவள்ளூரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. கோயில் குளத்தில் வேண்டுதலாக வெல்லம் கரைக்க வருகிற கூட்டம் விடிவதற்கு முன்பிருந்தே ரயிலிலிருந்து பொலபொலவென்று இறங்கும். நான் ஏறப் போனேன், அவர்கள் இறங்கினார்கள். யாரோ ஒருவரின் மூட்டை என் கையில் இடித்தது. செருப்புப் பெட்டி பிளாட்பாரத்தில் கவிழ்ந்தது. ரப்பர் பட்டையை நான் போட்டிருக்கவில்லை. அட்டைகளுக்கு வரிசை எண்ணும் குத்தியிருக்கவில்லை, சோம்பேறித்தனம். முந்நூறு அட்டைகள் பக்தர்களின் காலடியில் கிடந்தன. பொறுக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன். செவ்வாப்பேட்டை நால்வரும் அன்று தாமதம், அதே ரயிலில் ஏறினார்கள். என் மடியைப் பார்த்துவிட்டு அவர்கள் சீட்டை எடுக்கவே இல்லை. முழங்கால் துண்டின்மேல் என் அட்டைகளைப் பரப்பி, மடங்கியதை நீவிக் கொடுத்தார்கள்.

"டைமுக்குப் போவணுமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"பத்து மணிக்குள்ள."

"எதுனா பேஜாரா?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். மோதிரக் கை இல்லை, ஜன்னல் மூடியிருந்தது.

மூன்றாம் நாள் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்குத் தாள் வந்தது. முப்பத்தேழுக்கு எதிரே ஒன்று. அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொன்னேரியில் அலுவலகம் மூடும் நேரமும் அதுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அவசரத்தில் கூஜாவை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா குடிசை வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா சாமி" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள் தெரிந்தன. எண்ணினேன். பதின்மூன்று கோடுகள். நான் வெளியே என்று சொன்ன நாளோடு நின்றிருந்தன.

நின்றுகொண்டே சொன்னேன். கிணறு உள்ளேதான் இருக்கிறது, நான் சொன்னது தப்பு, கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. மூன்று நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் கயிற்றைப் பற்றியும் கல்லைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதான் நான் சொன்னேனே சாமி, கயிறு சாயலேன்னு" என்றார்.

பிறகு கத்தரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்றும் விரும்பினேன். வெயில் ஏறிவிட்டது. நடந்து வந்ததில் தாகம் எடுத்தது. கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டேன்.

"கொஞ்சம் தண்ணி தருவீங்களாம்மா?"

அவர் என் கையைப் பார்த்தார். கூஜா இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி, இழுத்து, சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். சற்றே உப்புக் கரித்தது, கடல் பக்கத்து ஊர்த் தண்ணீர். முழுதும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் போனேன். விளிம்பில் இருந்த இரண்டு கிணறுகளை மனு கொடுத்தவர்களுக்காக விட்டுக் கல்லை நகர்த்தி நட்டிருந்தார்கள். முப்பத்தேழைத் தூர்த்திருந்தார்கள். அந்த அம்மா எங்கே போனார் என்று கணக்குப்பிள்ளைக்கும் தெரியவில்லை, ஆரணிக் கடைக்காரர் சொல்ல விரும்பவில்லை. ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்த மூலைப் பிரச்சினைதான். புள்ளிக்கு நேராக மூலை வந்தால் எப்படி எண்ண வேண்டும் என்று பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல அத்தியாயம் என்று தேர்வாளர் குறித்திருந்தார். இந்த உதாரணம் எங்கிருந்து கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

அன்று சொம்பை வாங்கிக்கொண்டு அவர் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் மடித்திருந்த தாளைச் சுட்டிக் காட்டினார்.

"இப்ப நம்ம கெணத்துக்கு அதுல இன்னா போட்டுக்கீது?"

"ஒண்ணு."

"இப்ப கரெக்டா சொல்லுதா ஒன் மிஷினு?"

"சொல்லுதும்மா."

"அப்ப நீ பாசாயிடுவ" என்றார்.

குத்திக் காட்டினாரா, நிஜமாகவே என் பரீட்சையைப் பற்றி விசாரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பாஸாகிவிட்டேன்.